‘ரீலேர்ன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மருத்துவக் கையேடு, நிறுவனங்களின் பயிற்சிக் குறிப்பு, செயலியில் வரும் வரி, படங்களுக்கான வசன வரி என்று எது வந்தாலும் ‘ரீலேர்ன்’ என்ற ஆங்கில வினை வரும் இடத்தில் எழுதுகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒரே சந்தேகம் பல வாயிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

‘ரீலேர்ன்’னா என்ன அர்த்தம்? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஒரு காலத்தில் தெரிந்திருந்த ஒன்றை, அல்லது செய்ய முடிந்த ஒன்றை, இன்னொரு தடவை கற்றுக்கொள்வது.

ஏன் இன்னொரு தடவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியில் படித்த இந்தி மறந்துபோயிருக்கலாம். பக்கவாதத்தால் பேச்சு போயிருக்கலாம். எதுவும் மறக்காமல், எதுவும் போகாமல், ஊரே நடைமுறையை மாற்றியிருக்கலாம். மறதி, இழப்பு, மாற்றம் என்று இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே வினையைப் போடுகிறது. தமிழ் பெரும்பாலும் போடுவதில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதி இதனால் வந்தவைதான்.

சரி, தமிழில் இதுக்கு ஒரே சொல் இருக்கா, இல்லையா?

பேச்சில் இல்லை. ‘மறுபடி கத்துக்கிறது’, ‘திரும்பப் பழகுறது’ என்று இரண்டு சொல்லாகத்தான் சொல்கிறோம். எழுத்தில் ‘மீள்கற்றல்’ என்ற ஆக்கச்சொல் புழங்குகிறது. அது பெயர்ச்சொல்லாக நிற்கும் இடத்தில் சரி. ‘மீள்கற்றேன்’, ‘மீள்கற்பான்’ என்று வினையாக்கிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கிடைத்தால்தான் மொழி வளமானது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. இரண்டு சொல்லில் தெளிவாகச் சொல்ல முடிகிறது என்றால் அதில் எந்தக் குறையும் இல்லை.

கற்பது, படிப்பது, பயில்வது, பழகுவது எல்லாம் ஒன்றுதானே? எதைப் போட்டால் என்ன?

ஒன்றல்ல. ‘படிப்பது’ வாசிப்பையும் குறிக்கும், பள்ளி கல்லூரிப் படிப்பையும் குறிக்கும். ‘அவர் மறுபடியும் படிக்கிறார்’ என்றால் கேட்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் தோன்றும்: அதே புத்தகத்தை இன்னொரு தடவை வாசிக்கிறார், இல்லையென்றால் பாதியில் விட்ட படிப்பைத் தொடரச் சேர்ந்திருக்கிறார். மறந்துபோன ஒன்றைத் திரும்பக் கற்கிறார் என்பது தோன்றவே தோன்றாது. ‘பயில்வது’ மேடைக்கும் எழுத்துக்கும் உரியது. ‘பரதம் பயின்றவர்’, ‘சட்டம் பயில்கிறார்’ என்பதெல்லாம் அழைப்பிதழில் அழகாக இருக்கும். ‘நான் சின்ன வயசில் சைக்கிள் பயின்றேன்’ என்று யாரும் பேசுவதில்லை.

மிச்சம் இருப்பவை ‘கற்றுக்கொள்வது’, ‘பழகுவது’ ஆகிய இரண்டும். நம் வேலை பெரும்பாலும் இவற்றோடுதான். கணக்கு, இலக்கணம், சட்ட விதி மாதிரி தெரிந்துகொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்கிறோம். நீச்சல், சைக்கிள், தட்டச்சு, தவில் மாதிரி உடம்பில் ஏற வேண்டியதைப் பழகுகிறோம். ‘நீச்சல் கற்றுக்கொண்டேன்’ என்பதும் சரியே. ஆனால் ‘இயற்கணிதம் பழகினேன்’ என்றால் காதில் இடறும். ‘கற்றுக்கொள்’ எங்கும் செல்லும். ‘பழகு’ கை, கால், நாக்கு சம்பந்தப்பட்ட இடத்துக்கு மட்டும் செல்லும், ஆனால் செல்லும் இடத்தில் நன்றாக உட்காரும்.

நாக்கைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். ஒரு மொழியின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளலாம், பேச்சைப் பழகத்தான் வேண்டும்.

மறுபடி, மீண்டும், திரும்ப, இன்னொரு முறை, புதிதாக. இதில் எது?

‘மீண்டும்’ எழுத்து நடைக்கு. ‘மறுபடி’, ‘திரும்ப’ இரண்டும் பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது. ‘இன்னொரு முறை’ என்பதில் எண்ணிக்கை வாடை அடிக்கும். ‘இந்தப் பாடத்தை இன்னொரு முறை கற்றேன்’ என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மாதிரி இருக்கிறது. நடுவில் மறந்தது அதில் தெரியவில்லை.

‘புதிதாக’ என்பதில் மட்டும் கவனம். ‘புதிதாக வீணை கற்றுக்கொள்கிறார்’ என்றால் அவர் முன்பு வீணையைத் தொட்டதே இல்லை என்றுதான் பொருள்படும். சின்ன வயதில் வாசித்து, விட்டுவிட்டு, இப்போது அடிப்படையிலிருந்து தொடங்குகிறார் என்று சொல்ல வேண்டுமானால் ‘முதலிலிருந்து’ என்று போடுங்கள். பேச்சுவழக்கு இடம் கொடுக்கும் பத்தியானால் ‘ஆனா ஆவன்னாவிலிருந்து’ என்றே எழுதலாம். படிப்பவருக்கு உடனே விளங்கும்.

என் பையன் கேட்கிறான்: ‘மறுபடி’யில் இருக்கும் ‘படி’க்குப் படிப்பது என்று அர்த்தமா?

இல்லை. ‘அப்படி’, ‘இப்படி’, ‘எப்படி’ என்பவற்றில் வரும் ‘படி’தான் அது, விதம், தடவை என்று பொருள். ‘மறு’ என்றால் அடுத்தது, மற்றது. மறுநாள், மறுகரை என்பவற்றில் பார்க்கிறோமே, அது. பையனை ‘மறுபடி படி’ என்று சொல்லிப் படிக்க வைக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான்.

எங்கம்மா இந்த மாதிரி எதுவும் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டில் நிஜமாகவே எப்படிச் சொல்வார்கள்?

வீட்டில் கற்பதைப் பற்றிப் பேசுவதைவிட, விட்டுப்போனதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ‘தையல் எல்லாம் டச் விட்டுப்போச்சு’ என்பது அன்றாடம் காதில் விழுவது. ‘டச்’ ஆங்கிலச் சொல்தான். ஆனால் ‘டச் விட்டுப்போச்சு’ என்பது முழுக்க நம்முடைய ஆக்கம். அதற்கு அடுத்த வாக்கியம் ‘மறுபடி கத்துக்கிட்டேன்’ என்று வருவது அபூர்வம். ‘நாலு நாள் உட்கார்ந்தேன், கை வந்துருச்சு’ என்று வரும்.

வசன வரி எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பாத்திரம் ‘நான் பியானோ ரீலேர்ன் செய்தேன்’ என்று சொன்னால், ‘பியானோ டச் விட்டுப்போயிருந்தது, இப்ப மறுபடி கை பழகிருச்சு’ என்று வாயில் வருகிற மாதிரி எழுதலாம். நீளம் கொஞ்சம் கூடும். திரையில் இடம் இல்லையென்றால் ‘மறுபடி கை பழகிருச்சு’ என்ற பகுதியே போதும். மறந்திருந்தார் என்பது ‘மறுபடி’யிலேயே தெரிகிறது.

‘கற்றுக்கொள்’ளில் அந்தக் ‘கொள்’ எதற்கு? ‘மீண்டும் கற்றேன்’ என்றால் போதாதா?

பிழையில்லை, ஆனால் விறைப்பாக இருக்கும். ‘கொள்’ என்ற துணைவினை, செயலின் பலன் செய்தவருக்கே சேர்கிறது என்று காட்டுகிறது. கற்றது என்னிடம் தங்கிவிட்டது என்ற உணர்வு ‘கற்றுக்கொண்டேன்’ என்பதில்தான் இருக்கிறது. திரும்பக் கற்பதில் நமக்கு வேண்டியதும் அதுதானே. பழமொழி, முழக்கம், தலைப்பு என்று சுருக்கம் தேவைப்படும் இடங்களில் ‘கற்க’, ‘கற்போம்’ என்று தனியாக நிற்கட்டும்.

கூடவே ஒன்று: ‘கற்றுக்கொள்’ளைச் சேர்த்து எழுதுங்கள். ‘கற்றுக் கொள்’ என்று பிரித்தால், எதையோ கற்றுவிட்டுப் பிறகு எதையோ பெற்றுக்கொள்ளச் சொல்கிற மாதிரி ஆகிறது.

இறந்தகாலத்தில் ‘கற்றேன்’ சரியா? பேச்சு நடையில் ‘கத்தினேன்’ என்று எழுதினேன், ஆசிரியர் வெட்டிவிட்டார்.

வெட்டியது நியாயம். ‘மறுபடி கத்தினேன்’ என்றால் இரண்டாம் முறை கூச்சல் போட்டீர்கள் என்று பொருள். ‘கல்’ என்ற வினை கற்கிறேன், கற்றேன், கற்பேன் என்று வரும். எதிர்மறைக்குக் ‘கற்கவில்லை’, ‘கற்காத’. பழைய நடையில் ‘கல்லாத’.

பேச்சில் ‘ற்ற’ ஒலி ‘த்த’ ஆகிவிடும். காற்று ‘காத்து’ ஆகிறது, வெற்றிலை ‘வெத்தலை’ ஆகிறது, அதே வழியில் ‘கற்றுக்கொண்டேன்’ என்பது ‘கத்துக்கிட்டேன்’ ஆகிறது. பேச்சு நடையில் ‘கொள்’ கட்டாயம் கூடவே வரும். அதை எடுத்தால்தான் கூச்சல் ஆகிவிடுகிறது. ‘கத்துக்குட்டி’ என்ற சொல்லுக்கும் கூச்சலுக்கும் சம்பந்தமில்லை, அது கற்றுக்குட்டி.

ஒற்று எங்கே போட வேண்டும்? ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.

திரும்பக் கற்றுக்கொள், புதிதாகக் கற்றுக்கொள், நடக்கப் பழகு, பேசப் பழகு: இவற்றில் ஒற்று மிகும். மீண்டும் கற்றுக்கொள், மறுபடியும் பழகு: முன்சொல் ‘ம்’மில் முடிவதால் மிகாது. மீள்கற்றல், மறுகற்றல் இரண்டிலும் மிகாது. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை இவ்வளவு தெரிந்தால் போதும்.

மீள்கற்றலா, மறுகற்றலா? இரண்டையும் பார்க்கிறேன்.

இரண்டும் முறைப்படி அமைந்தவைதான். ‘மீள்’ என்றால் திரும்பி வருதல். ‘மீண்டும்’ என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது. மீள்கற்றல் என்பது வினைத்தொகை. ‘மறு’ என்பது இரண்டாவது தடவை, வேறொன்று என்ற பொருளைத் தருகிறது: மறுபதிப்பு, மறுமணம், மறுதேர்வு.

தமிழ்நாட்டு அலுவல் தமிழுக்கு ‘மறு’ பிடிக்கும். தேர்வு முடிவு வந்ததும் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று விண்ணப்பம் போடுகிறோம். இலங்கைத் தமிழுக்கு ‘மீள்’ பிடிக்கும். மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை எல்லாம் அங்கே செய்தித்தாளில் அன்றாடம் வருபவை. தமிழ்நாட்டில் மறுசுழற்சி என்பது அங்கே மீள்சுழற்சி. ஆகவே உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்பதும் ஒரு கணக்கு.

என் விருப்பம் மீள்கற்றல். ‘மறு’வுக்குப் பக்கத்திலேயே ‘மறுத்தல்’ என்ற வினை இருக்கிறது. ‘மறுகற்றல்’ என்று வேகமாகப் படிக்கும்போது ‘கற்க மறுத்தல்’ ஒரு நொடி மின்னிவிட்டுப் போகிறது. மறுகூட்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்குக் காது பழகிவிட்டது. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் தலைப்புக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் மட்டும் இவற்றை வையுங்கள். வாக்கியத்துக்குள் வந்ததும் ‘மறுபடி கற்றுக்கொள்வது’தான்.

தேர்வுக்கு முன்னால் செய்யும் ‘திருப்புதல்’ ரீலேர்ன் ஆகுமா? அலுவலகத்தில் நடக்கும் ‘புத்தாக்கப் பயிற்சி’?

திருப்புதல் ஆகாது. மறந்துவிடாமல் இருக்கச் செய்வது திருப்புதல், மறந்த பிறகு செய்வது மீள்கற்றல். இலங்கையில் இதே திருப்புதலுக்கு ‘மீட்டல்’ என்று பெயர். அங்குள்ள வாசகருக்கு ‘மீட்டுக் கற்றல்’ என்று எழுதினால் பரீட்சைக்குப் படிப்பதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

புத்தாக்கப் பயிற்சி நடுவில் நிற்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குப் புது விவரங்களைச் சேர்த்துக் கொடுப்பது அது. மூலத்தில் ‘ரீலேர்ன்’ என்றிருந்து, சூழல் ஊழியர் பயிற்சியாக இருந்தால், முதல் பதிலில் சொன்ன மூன்றில் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘மாற்றம்’ என்று வரும். அப்படியானால் புத்தாக்கம் பொருந்தும்.

மருத்துவமனைக் கையேட்டில் ‘நோயாளி நடக்க மீண்டும் கற்றுக்கொள்கிறார்’ என்று வந்திருக்கிறது. இலக்கணம் சரிதான், ஆனால் ஏதோ இடிக்கிறது.

இடிப்பது ‘கற்றுக்கொள்’. நடை உடம்பு சம்பந்தப்பட்டது, அதனால் மேலே சொன்னபடி ‘பழகு’ வர வேண்டும்: ‘நோயாளி மறுபடி நடக்கப் பழகுகிறார்’. ஒரு வயதுக் குழந்தை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதையும் ‘நடை பழகுது’ என்றுதான் சொல்கிறோம். எழுபது வயதுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போவதற்கும் அதே வினை பொருந்தும்.

பக்கவாதத்துக்குப் பிறகு வரும் பயிற்சிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மூளையில் சேதமான பகுதி பழையபடி வளர்ந்துவிடுவதில்லை; அந்தப் பகுதி செய்த வேலையைச் சுற்றியுள்ள மற்றப் பகுதிகள் ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. அதற்குத்தான் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். பலவீனமான கையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பதற்காக நல்ல கைக்கு உறை மாட்டி வைக்கும் முறையும் இருக்கிறது. இங்கே நடப்பது நினைவுபடுத்துவது அல்ல. ‘நோயாளிக்கு நடப்பது எப்படி என்பதை நினைவூட்டவும்’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். அவருக்கு நடப்பது எப்படி என்று நன்றாகவே தெரியும், கால்தான் கேட்கவில்லை. மருத்துவத் தமிழில் ‘நினைவு’ என்ற சொல்லை இந்த இடத்தில் தவிர்த்துவிடுங்கள். குடும்பத்தார் அவருக்கு மறதி நோய் என்று நினைத்துவிடுவார்கள்.

பேச்சிழப்புக்கும் இதுவே: ‘பேசப் பழகுகிறார்’. பொருள்களின் பெயர்களையே படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் கட்டத்தில் மட்டும் ‘சொற்களை மறுபடி கற்றுக்கொள்கிறார்’ என்று எழுதலாம்.

‘அவர்கள் மறுபடி பழக ஆரம்பித்தார்கள்’ என்று எழுதினேன். படித்தவர் ‘சண்டை போட்டிருந்தார்களா?’ என்று கேட்கிறார்!

கேட்கத்தான் செய்வார். ‘பழகு’ என்பதற்கு மூன்று முகம் இருக்கிறது, எந்த முகம் என்பதை முன்னால் வரும் சொல்லின் உருபுதான் காட்டும். ‘நீச்சல் பழகினார்’: உருபில்லாமல் வந்தால் கற்றுக்கொண்டார். ‘குளிருக்குப் பழகினார்’: ‘கு’ வந்தால் ஒத்துப்போகத் தொடங்கினார். ‘அவரோடு பழகினார்’: ‘ஓடு’ வந்தால் நட்பு. நீங்கள் எதையுமே போடாமல் விட்டதால், படித்தவர் மனிதர்கள் இருப்பதைப் பார்த்து நட்பு என்று எடுத்துக்கொண்டார். ‘மறுபடி நீச்சல் பழக ஆரம்பித்தார்கள்’ என்று எழுதினால் தீர்ந்தது.

எதுவும் மறக்கவில்லை, முறைதான் மாறிவிட்டது. அப்போது ‘மறுபடி கற்றார்கள்’ என்று சொல்லலாமா?

கூடுமானவரை வேண்டாம். இங்கேதான் மேலே சொன்ன ‘கு’ உருபு கை கொடுக்கும்.

இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா. அன்றிலிருந்து 100 நயா பைசா. கடைக்காரரும் வாங்க வந்தவரும் கூட்டல் கழித்தலை மறந்துவிடவில்லை, பழைய கணக்கும் மறக்கவில்லை. ‘மக்கள் காசுக் கணக்கை மறுபடி கற்றார்கள்’ என்றால் நடுவில் மறந்த மாதிரி ஆகிவிடும். ‘புதுக் காசுக்குப் பழகினார்கள்’ என்பதுதான் நடந்தது. அதிலும் முழுக்கப் பழகவில்லை. 4 அணா சரியாக 25 பைசாவாகவும் 8 அணா 50 பைசாவாகவும் விழுந்ததால், அணா போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் ‘நாலணா’, ‘எட்டணா’ பேச்சில் நின்றன. ஓரணாவுக்கு 6.25 பைசா, அது எந்தக் காசிலும் அடங்கவில்லை.

தமிழ் எழுத்தே இன்னொரு உதாரணம். பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளில் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதற்கு முன் ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த கொம்போடு இருக்கும். பழைய வடிவத்தில் படித்தவர்கள் புதியதை ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார்கள், வாசிப்பில் பெரிய சிரமம் இல்லை. கைதான் கேட்கவில்லை. புதியதைத் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டே, கடிதத்தில் பழைய துதிக்கையைப் போட்டவர்கள் நிறைய. ‘கண் பழகியது, கை பழகவில்லை’ என்று தமிழில் சொல்ல முடிவதை ‘ரீலேர்ன்’ என்ற ஒற்றைச் சொல்லால் சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் உதாரணம் ஸ்வீடன். 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு அந்த நாட்டுப் போக்குவரத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ‘ஸ்வீடன் மக்கள் ஓட்டுவதை மறுபடி கற்றனர்’ என்று எழுதாதீர்கள். ‘வலப்பக்கம் ஓட்டப் பழகினர்’ போதும்.

அப்படியானால் ‘அன்லேர்ன்’? எங்கள் அலுவலகச் சுவரில் ‘லேர்ன், அன்லேர்ன், ரீலேர்ன்’ என்று மூன்றும் சேர்ந்து தொங்குகிறது.

‘மறத்தல்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அதிகம். மறதி தானாக வருவது, ‘அன்லேர்ன்’ வேண்டுமென்றே செய்வது. தமிழில் அதற்கு ‘விடு’ இருக்கிறது. பழக்கத்தை விட்டான், பிடிவாதத்தை விட்டான் என்கிறோமே, அந்த விடு. பழைய தட்டச்சு இயந்திர வரிசையில் அடித்துப் பழகியவர், 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகைக்கு வரும்போது விரல்கள் பழைய இடத்துக்கே ஓடும். அவர் எதையும் மறக்க வேண்டியதில்லை. விரல்களின் பழக்கத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

சுவருக்கு வேண்டுமென்றால்: ‘கற்றுக்கொள், பழையதை விடு, மறுபடி கற்றுக்கொள்.’ எதுகை மோனை சேர்த்துத் தர என்னால் ஆகாது.

ஒருமுறை கற்றதை மறந்தாலும், மறுபடி கற்கும்போது சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள். அது உண்மையா? உளவியல் பாடத்தில் அதற்கு ‘சேவிங்ஸ்’ என்று போட்டிருக்கிறது, எப்படி மொழிபெயர்ப்பது?

உண்மைதான், அதை முதலில் அளந்து காட்டியவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1885-இல் வெளியிட்ட ஆய்வில் அவரே ஆய்வாளர், அவரே ஆய்வுக்கு உட்பட்டவர். பொருளற்ற அசைகளின் பட்டியலைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும்வரை மனப்பாடம் செய்வார். இடைவெளி விட்டு அதே பட்டியலைத் திரும்ப மனப்பாடம் செய்வார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் குறைந்தது என்று பார்ப்பார். ஒரு அசைகூட நினைவில்லை என்று தோன்றினாலும், இரண்டாம் தடவை நேரம் குறைந்தால் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

‘சேமிப்பு’ என்று போட்டால் வங்கி நினைவுக்கு வருகிறது. ‘மிச்சம்’ என்று போடுங்கள். நேரம் மிச்சமானது என்பதும், பழையது கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பதும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லைவிட இது மேல் என்பது என் கட்சி.

‘நான் மலையாளம் மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறேன்.’ கற்று முடித்தாரா, கற்றுக்கொண்டே இருக்கிறாரா?

இந்த வாக்கியத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ‘கற்றுக்கொண்டு இருக்கிறேன்’ என்ற தொடர்நிகழ்வும், ‘கற்றுக்கொள்’ என்ற முழுவினையின் முடிந்த வடிவமும் எழுத்தில் ஒரே உருவம். முடிந்தது என்றால் ‘கற்றுக்கொண்டுவிட்டேன்’. நடக்கிறது என்றால் ‘கற்றுக்கொண்டு வருகிறேன்’. தன்விவரக் குறிப்பில் எழுதுகிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள், நேர்காணலில் மலையாளத்தில் பேசச் சொல்லிவிடப் போகிறார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில ‘கார் ஓடப் பழகுறன்’ எண்டுதான் சொல்லுவம். ‘கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்’ எண்டு மாத்தச் சொல்லுகினம். மாத்தோணுமா?

மாற்ற வேண்டாம். உடம்பு சார்ந்த திறமைக்குப் ‘பழகு’ என்பதைத் தமிழ்நாட்டில் ‘கற்றுக்கொள்’ என்ற சொல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. உங்கள் பேச்சில் அது இன்னும் உறுதியாக இருக்கிறது. பிறவினையும் உங்களிடம் வசதியாக இருக்கிறது: ஆளுக்குக் கார் ஓடப் ‘பழக்குவது’. தமிழ்நாட்டில் ‘பழக்கு’ என்றால் மாட்டை வண்டிக்குப் பழக்குவது மாதிரி ஒலிக்கும், ஆளுக்கு என்றால் சொல்லிக்கொடு, கற்றுக்கொடு என்போம். இரண்டு நாட்டுக்கும் ஒரே பிரதி போகிறது என்றால் ‘பழகு’ இருக்கட்டும், ‘பழக்கு’ வேண்டாம், ‘ஓட’ என்பதை ‘ஓட்ட’ என்று ஆக்கிவிடலாம்.

கார் கையேட்டில் ‘சென்சார் ரீலேர்ன்’ என்று வருகிறது. சென்சார் எதைக் கற்கும்?

டயர் மாற்றிய பிறகு காற்றழுத்த சென்சார்களை வண்டியின் கணினிக்கு அடையாளம் காட்டும் வேலை அது. பட்டறையில் ‘ரீலேர்ன் பண்ணணும்’ என்றே சொல்கிறார்கள், மெக்கானிக்குக்கான குறிப்பில் அப்படியே விடுங்கள். வண்டி வைத்திருப்பவருக்கு என்றால் ‘சென்சார்களை மறுபடி பதிவு செய்யவும்’.

கடைசியாக ஒன்று. நாவல் மொழிபெயர்க்கிறேன். கணவரை இழந்தவள் ‘சிரிக்க மறுபடி கற்றுக்கொண்டாள்’ என்று வருகிறது. பழகினாள் என்று மாற்றினால் இன்னும் மோசமாக இருக்கிறதே?

இரண்டுமே வேண்டாம். சிரிப்பு, நம்பிக்கை, தூக்கம், பசி இவற்றை நாம் கற்பதாகவோ பழகுவதாகவோ சொல்வதில்லை. இவை போகும், வரும். ‘சிரிக்கப் பழகினாள்’ என்றால் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘மறுபடி மனிதர்களை நம்பக் கற்றுக்கொண்டாள்’ என்பதும் அப்படியே ஆங்கிலம்.

‘அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது’ என்று எழுதிப் பாருங்கள். ஒரே நாளில் வந்துவிட்ட மாதிரி தோன்றினால், ‘கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க ஆரம்பித்தாள்’. ஆசிரியர் ‘கற்றல்’ என்ற உருவகத்தையே அத்தியாயம் முழுக்க வைத்து இழைத்திருந்தால் மட்டும் ‘கற்றுக்கொண்டாள்’ என்று விடலாம். அப்போதும் முந்தின பத்தியில் அதற்கு ஒரு பிடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.